வீட்டுப் பங்கு: பொரியும் பழவற்றலும்

அறுவடை முடிந்து களம் கூட்டும் நாளில் விளைவித்தவன் வீட்டுக்கு வந்து சேருவது எது என்பதை நின்று கவனிப்போர் மிகச் சிலரே. மணி பருத்த நிலக்கடலை வியாபாரியின் லாரியில் ஏறிவிடுகிறது. சூம்பினதும், ஈரத்தில் முளைவிட்டதும், மண்வெட்டி பட்டு ஓடு உடைந்ததும் வீட்டுத் திண்ணையில் வந்து விழுகின்றன. நிறைந்த சீப்புகளையுடைய வாழைத்தார்கள் சந்தைக்குப் போக, காற்றில் சாய்ந்ததும் காய் திரளாததும் வீட்டில் தொங்குகின்றன. பலா, மா, நெல்லி ஆகிய யாவற்றிலும் இதே விதிதான் நடக்கிறது. நல்லதை விற்றுச் சொத்தையை வீட்டுக்கு வைப்பது சிக்கனம் என்று எண்ணப்பட்டு, தலைமுறை தலைமுறையாக வழக்கத்தில் ஊறிவிட்டது. இதன் பயனாக, ஐந்து ஏக்கரில் கடலை விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள், மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், எங்கோ விளைந்த தானியத்தையும் எவரோ வறுத்த மாவையும் கடையில் பொட்டலமாக வாங்கித் தின்றுகொண்டு வீடு சேருகிறார்கள்.

இந்தப் பொட்டலங்களின் வரிசையில் அண்மைக் காலத்தில் சிறு நகரக் கடைகள் வரை வந்து சேர்ந்திருப்பது கிரானோலா என்னும் பண்டமாகும். ஓட்ஸ் என்ற தானியத்தை அவல்போல் தட்டி, சர்க்கரைப் பாகு அல்லது தேனுடன் சிறிது எண்ணெய் கலந்து வறுத்து, பருப்பு வகைகளையும் உலர்ந்த பழத்துண்டுகளையும் சேர்த்தால் அதுவே கிரானோலா. விலையோ, அதே எடையுள்ள அவல், கடலை, வெல்லம் ஆகியவற்றின் விலையைக் காட்டிலும் பன்மடங்கு. சத்துள்ள பண்டம் என்ற பெயரால் படித்த குடும்பத்தார் அதை விரும்பி வாங்குகின்றனர்.

அதன் பூர்வோத்தரம் அறியத்தக்கது. 1863-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்திலுள்ள டான்ஸ்வில் என்னும் ஊரில் நீர்ச்சிகிச்சை நிலையம் நடத்திவந்த ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்ற வைத்தியர், தவிடு நீக்காத கோதுமை மாவை ரொட்டியாகச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டுத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதற்குக் கிரானுலா என்று பெயர். இரவு முழுவதும் ஊறினாலன்றிப் பல்லில் ஏறாத கடினம் அதற்கு உண்டு. பின்னர், மிச்சிகன் மாகாணத்து பேட்டில் கிரீக் ஊரில் வைத்தியசாலை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக் அதுபோன்ற ஒன்றைச் செய்து அதே பெயரை வைத்து, வழக்கு வரவே ஓர் எழுத்தை மாற்றிக் கிரானோலா ஆக்கினார். ஓட்ஸும் தேனும் பழமும் கலந்த இன்றைய உருவம் 1960-களில் அந்நாட்டில் பரவியது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் பிர்ச்சர்-பென்னர் என்னும் வைத்தியர் 1900-ஆம் வருஷத்தையொட்டி ஊறவைத்த ஓட்ஸுடன் துருவிய ஆப்பிளைச் சேர்த்து வழங்கியதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆக, அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் நாட்டு வயலிலும் தோட்டத்திலும் எளிதில் அகப்பட்ட தானியத்தையும் பழத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் ஓட்ஸ் பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்காகப் பயிராவது. கடையில் மனிதர் உண்ண விற்கப்படுவதில் பெரும்பங்கு கப்பலில் வருவது. அவர்களுடைய முறையைப் பின்பற்ற வேண்டுமானால் செய்யவேண்டியது ஓட்ஸை வாங்குவதன்று. இவ்வூர் வயலில் என்ன விளைகிறது என்று பார்ப்பதே அது.

அவ்வாறு பார்த்தால் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. கார்த்திகைத் தீபத்தன்று வீடுதோறும் செய்யப்படும் பொரியை நினைத்துக்கொண்டால் போதும். நெற்பொரி அல்லது அவல்பொரி, பொட்டுக்கடலை, எள், பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், ஏலம் சேர்த்த வெல்லப்பாகு ஆகியவை அதில் அடங்கியுள்ளன. பழவற்றல் ஒன்றைத் தவிர கிரானோலாவில் உள்ள இனம் யாவும் அதில் உண்டு. பாகின் பதம் பார்க்கத் தெரிந்த கை ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. வருஷத்தில் ஒரே நாள் நைவேத்தியத்துக்குச் செய்துவிட்டு எஞ்சிய நாட்களில் அந்தக் கைப்பழக்கத்தை மறந்திருப்பதே குறை. கோவில்பட்டியில் கடலையையும் வெல்லத்தையும் கொண்டு செய்யும் கடலைமிட்டாய் 2020-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்றது. அதுவும் இவ்வகைக் கைப்பழக்கத்திலிருந்து வளர்ந்ததே.

உணவின் பலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதுமானது. நிலக்கடலையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதமும் பொட்டுக்கடலையில் அதனிற் சற்றுக் குறைவாகவும் உண்டு. அவலும் பொரியும் அரிசியின் மாவுச்சத்தைத் தருவன. கம்பில் இரும்புச்சத்தும் எள்ளில் சுண்ணாம்புச்சத்தும் மிகுதி. தானியத்தின் புரதத்தில் குறைவாயுள்ள கூறு பயறு வகைப் புரதத்தில் நிறைவாயிருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்பது தனித்தனியே உண்பதைவிட மேலானது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் கடலைப் பிண்ணாக்கு மாவையும் கொண்டைக்கடலை மாவையும் 3-க்கு 1 என்ற அளவில் கலந்து பல்நோக்கு உணவு என்ற பெயரால் ஒரு பண்டத்தை அமைத்ததும் மலிவான பொருள்களிலிருந்து நல்ல புரதம் பெறுவதற்கேயாகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியத்தில் 1982-ஆம் வருஷத்திலிருந்து சத்துணவும், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ஆம் வருஷத்திலிருந்து காலைச் சிற்றுண்டியும் ஏற்பட்டிருக்கின்றன. மாலை 4 மணிப் பசிக்கு ஏற்பாடு செய்யவேண்டியது வீட்டார் பொறுப்பு.

இனி, வீட்டுப் பங்கு என்பது முதலில் எடுத்து வைக்கப்பட வேண்டியதேயன்றிக் கடைசியில் எஞ்சி நிற்பதன்று என்ற விஷயத்தில் நிலமுடையோர் தங்கள் மனத்தை மாற்றிக்கொள்ளுதல் அவசியம். நிலக்கடலையைப் பொறுத்தவரை இது ருசியைப் பற்றிய பேச்சன்று, உயிரைப் பற்றியது. 1960-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மாண்டபோது, அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்த கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. அஃப்ளடாக்சின் என்று பெயரிடப்பட்ட அந்நஞ்சு ஈரலைக் கெடுப்பது, நாளடைவில் புற்றுநோய் உண்டாக்க வல்லது. சூம்பின மணி, முளைவிட்ட மணி, ஓடு உடைந்த மணி, ஈரம் காயுமுன் குவிக்கப்பட்ட மணி ஆகியவற்றிலேயே அப்பூஞ்சணம் எளிதாகக் குடியேறுகிறது. அதாவது, வீட்டுக்கென்று ஒதுக்கப்படும் கடலைதான் அதற்கு மிகவும் உகந்த இடம். வறுத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்புவது தவறு. வறுப்பதால் ஓரளவு குறையுமேயன்றி அடியோடு நீங்காது. செக்கில் ஆட்டினாலும் அதன் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி மாட்டின் வயிற்றுக்குப் போகிறது, அங்கிருந்து ஒரு பங்கு மாற்றுருவில் பாலுக்கும் வருகிறது. ஆகையால் பொறுக்கியெறிந்த கடலையை வீட்டாருக்கோ, களை எடுக்கும் ஆட்களுக்கோ, மாட்டுக்கோ கொடுப்பது சிக்கனமாகாது.

பறித்த செடிகளைக் காய் மேல்நோக்கி இருக்குமாறு கவிழ்த்து உலரவிட்டு, ஆய்ந்த காயை மெல்லிய படுகையாகப் பரப்பி, குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரையில் காயவைத்தல் வேண்டும். ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேற்படாதிருப்பது நலம். இவ்விதம் காய்ந்ததில், வியாபாரி வருமுன், குடும்பத்தில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, முதல்தரமான ஓட்டுக்கடலையாக எடுத்து, சாக்கில் கட்டித் தரையில் படாமல் பலகைமேல் வைத்துவிட வேண்டும். உரிப்பது வேண்டும்போது கையாலேயே இருக்கட்டும். ஓடு உள்ளவரை பருப்புக்குக் காவல் உண்டு. உரித்தபின் நிறம் மாறியதையும் சுருங்கியதையும் பூஞ்சணம் கண்டதையும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

பழத்தின் விஷயம் இதற்கு மாறானது. காற்றில் விழுந்த வாழைக்குலையிலும், ஒரு பக்கம் அடிபட்ட மாம்பழத்திலும், கெட்ட பாகத்தைத் தாராளமாக அரிந்தெறிந்துவிட்டு எஞ்சியதை உலர்த்தி உண்பதில் தோஷமில்லை. நன்கு பழுத்து, நாளைக்கு நிற்காது என்று வியாபாரி ஒதுக்கும் பழமே உலர்த்துவதற்கு மிக இனிப்பானது. சந்தையில் தள்ளுபடியானது வீட்டில் முதல்தரமாகும் விந்தை பழத்தில் மட்டுமே காணப்படுவது. பெருக்கம் வந்தால் பழத்தின் விலை என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2025-ஆம் வருஷத்துக் கோடையில் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பெங்களூரா மாம்பழத்துக்குக் கூழ் ஆலைகளின் வாங்குதல் தளர்ந்து, பறிகூலிக்கும் வண்டிச் சத்தத்துக்கும் கட்டாதபடி விலை விழுந்ததை அவ்விடத்துத் தோட்டக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டு வற்றலால் அந்த நஷ்டம் ஈடாகும் என்று சொல்வது வீண்பேச்சு. டன் கணக்கில் வந்த பழத்தைத் தட்டில் உலர்த்தித் தீர்க்க முடியாது. எனினும் தோப்பு முழுவதும் பழம் அழுகிக் கிடக்க, அதே தோப்புடையான் வீட்டில் புரட்டாசி மாதத்தில் மாம்பழத்தின் வாசனையே இல்லாதிருப்பது விலை வீழ்ச்சியின் குற்றமன்று.

உலர்த்துதலுக்குரிய பழங்களில் எளிதும் பயன் மிக்கதும் வாழை. அதிலும் கற்பூரவள்ளி சிறந்தது. அதன் இனத்தைச் சேர்ந்ததாகிய நாம்வா என்னும் வாழையைத்தான் தாய்லாந்து தேசத்தில் முழுப் பழமாக உரித்து வெயிலில் உலர்த்தி விற்கிறார்கள். பிட்சனுலோக் மாகாணத்தில் பாங்க்ரதும் என்ற வட்டாரத்துக்கு அதனால் பெரும்பெயர் உண்டு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் தொட்டியத்திலும் வாழை விவசாயிகள் சூரிய உலர்த்தியில் பழத்தை உலர்த்தி விற்பனை செய்து வந்திருக்கின்றனர். தோலில் கரும்புள்ளி காணத் தொடங்கிய பழத்தை உரித்து, முழுதாகவோ நீளவாட்டில் இரண்டாகக் கீறியோ, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஒரு முறை தோய்த்தெடுத்து, ஒன்றையொன்று ஒட்டாதபடி தட்டில் வைத்து, மெல்லிய துணி அல்லது கொசுவலைத் துணியால் மூடி, நல்ல வெயிலில் 4 அல்லது 5 நாள் காயவைக்கலாம். தினமும் ஒரு முறை திருப்புவதும், பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் எடுத்து வைப்பதும் முக்கியம். இரவுப் பனியில் விட்டால் பகலில் போன ஈரம் திரும்பிவிடும். உரித்த பழம் 1 கிலோ எடுத்தால் 300 கிராமுக்குக் குறைவாகவே வற்றல் கிடைக்கும். இவ்வளவுதானா என்று ஏமாறுவோர், போனது நீர் மட்டுமே என்பதை நினைவிற்கொள்வார்களாக.

வீட்டில் உலர்த்திய வாழைப்பழம் கபில நிறமாக இருக்கும். அது குறையன்று. கடையில் விற்கும் உலர்பழங்கள் சிலவற்றின் பளபளப்பான பொன்னிறம் கந்தகப் புகையால் வந்தது. அது இழுப்பு நோயுள்ளவர்களுக்கு ஒவ்வாது.

பலாச்சுளையைக் கொட்டை நீக்கி விரற்கடை அகலத்தில் கீறி இதேபோல் உலர்த்தலாம். நார் அதிகமான மாம்பழத்தைத் துண்டாக உலர்த்துவதைவிடச் சாறு பிழிந்து வடிகட்டி, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாக ஊற்றி, காய்ந்ததன்மேல் மறுபடியும் ஊற்றித் தகடு தகடாகச் சேர்ப்பது மேல். கோதாவரி டெல்டாவிலுள்ள ஆத்திரேயபுரத்தார் செய்யும் மாமிடி தாண்ட்ரா இவ்வகையே. யாழ்ப்பாணத்தார் பனம்பழத்தின் களியைப் பாயிலே பரப்பி வெயிலில் உலர்த்திப் பனாட்டு என்று நெடுங்காலமாக வழங்கி வருகிறார்கள். பனையேறிப் பழகிய தென்மாவட்டங்களில் பனம்பழம் மரத்தடியிலேயே வீணாகிக் கிடப்பதைக் காணும்போது, கடலுக்கு அப்பால் இருப்போரிடம் இதைக் கேட்டறிய வேண்டியிருப்பது சற்று வெட்கமாகவே தோன்றும். நெல்லியை ஆவியில் வேகவைத்துக் கொட்டை நீக்கிச் சுளையாகப் பிரித்து, சிறிது உப்பும் சுக்குப்பொடியும் தூவி உலர்த்தினால் கலவையின் இனிப்புக்கு நல்ல மாற்றாகும்.

வற்றல் பதமாயிற்றா என்று அறிய, ஒரு துண்டைக் கிழித்து விரல்களுக்கிடையே அழுத்திப் பார்க்க வேண்டும். தோல்போல் வளைந்து கொடுக்க வேண்டுமேயன்றி ஈரம் கசியலாகாது. தட்டிலிருந்து எடுத்தவுடன் டப்பாவில் நிரப்பி மறந்துவிடுவது பலர் செய்யும் பிழை. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவாகக் காய்வதில்லையாதலால், கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் போட்டு மூடி ஒரு வாரம் நாள்தோறும் குலுக்கிவர வேண்டும். ஈரம் மிகுந்த துண்டிலிருந்து குறைந்த துண்டுக்குப் பரவிச் சமமாகும். ஜாடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் பூத்தால் வற்றல் இன்னும் காயவில்லை என்று பொருள். மறுபடியும் வெயிலில் வைக்க வேண்டும்.

கலவைக்கு வரின், ஒரு குடும்பத்துக்கு இரண்டு வாரத்துக்குக் காணும்படியாகப் பின்வரும் அளவு பொருத்தமானது. தடித்த அவல் 400 கிராம், கம்பு அல்லது பொரியும் இனத்துச் சோளத்தின் பொரி 100 கிராம், தோல் நீக்கிய வறுகடலை 250 கிராம், பொட்டுக்கடலை 150 கிராம், எள் 50 கிராம், சீவிய கொப்பரை 50 கிராம், வெல்லம் 200 கிராம். தானியத்தைப் பொரிப்பதற்கு முன் சிறிது நீர் தெளித்துப் பிசிறி ஓர் இரவு மூடி வைத்துப் பிறகு சூடான மணலிலோ கனத்த வாணலியிலோ இட்டால் மலர்ச்சி நன்றாக வரும். அவலை எண்ணெயின்றிச் சிறுசிறு கையளவாக இளந்தீயில் வறுத்து, விரலால் நசுக்கினால் ஒடியும் பதத்தில் இறக்க வேண்டும். அவசரப்பட்டு நிறையப் போட்டு வறுப்பவர் கையில் வெளிப்புறம் சிவந்து உட்புறம் மெத்தென்றிருக்கும். கொப்பரை எல்லாவற்றிலும் விரைவில் சிக்கு நாற்றம் அடைவதாதலால் அளவை மீறிச் சேர்க்கலாகாது.

வெல்லத்தை நீரில் கரைத்து வடிகட்டி மண் நீக்கிக் காய்ச்சி, துளி ஒன்றைக் குளிர்ந்த நீரில் விட்டால் உருண்டு, தட்டில் எறிந்தால் டங்கென்று ஓசை கேட்கும் பதத்தில் ஏலமும் சுக்கும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து இறக்க வேண்டும். அதற்கு முந்திய பதத்தில் இறக்கினால் பொரி நமுத்துப்போகும். வறுத்த பொருள்களை அகன்ற தாம்பாளத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, பாகை நூலாக ஊற்றிக்கொண்டே இருவர் விரைந்து கிளற வேண்டும். உருண்டை பிடிப்பதில்லையாதலால், ஆறும்வரை கிளறிக்கொண்டிருந்தால் பொலபொலவென்று உதிரியாக நிற்கும்.

இனிக் கூறப்போவது சிறிய விஷயமாகத் தோன்றினும், பெரும்பாலோர் முயற்சி கெடுவது இங்கேதான். பழவற்றலைத் தானியக் கலவையோடு சேர்த்து வைக்கலாகாது. எவ்வளவு உலர்ந்த பழத்திலும் நூற்றுக்கு 15 பங்கு அளவுக்கு ஈரம் தங்கியிருக்கும், வறுத்த அவலிலோ அதில் சிறு பாகமே இருக்கும். இரண்டையும் ஒரு டப்பாவில் அடைத்தால் பழத்தின் ஈரத்தைத் தானியம் இழுத்துக்கொண்டு நமுத்துப்போகும், பழமோ கல்லாகும். ஆகவே பொரிக் கலவை ஒரு தகர டப்பாவிலும் பழவற்றல் ஒரு ஜாடியிலுமாக இருந்து, அன்றன்று வேண்டியதை மாத்திரம் 5 பங்குக்கு 1 பங்கு என்ற விகிதத்தில் சேர்த்துக் கொடுப்பதே முறை. பொரிக் கலவையை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இது மருந்தென்றோ, வேண்டியமட்டும் உண்ணலாமென்றோ எவரும் நினைத்தல் கூடாது. கடைக் கிரானோலாவின் பெருங்குறை அதிலுள்ள சர்க்கரை. வெல்லமானாலும் கருப்பட்டியானாலும் தேனானாலும் உடம்புக்கு அதுவும் சர்க்கரையே. மேற்சொன்ன கலவையில் ஆறில் ஒரு பங்கு வெல்லம் இருக்கிறது, பழத்தின் இனிப்பு வேறு. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு பிடி, அதாவது 40 கிராம், போதுமானது. நீரிழிவு உள்ளவர்கள் பாகும் பழமும் சேராத வறுதானியத்தையும் கடலையையும் அளவோடு கொள்ளலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் இருப்பதால் எல்லாவற்றையும் இடித்துப் பொடியாக்கியே கொடுத்தல் வேண்டும்.

இதற்கெல்லாம் ஆட்சேபம் இல்லாமலில்லை. கையில் காசு இருக்கையில் கடையில் வாங்கிவிட்டுப் போவதை விட்டு இவ்வளவு தொல்லை எதற்கு என்பார் சிலர். அவர்களுக்கு விடையாக மேலே சொன்னதே போதும். கவனிக்கற்பாலதாகிய ஆட்சேபம் மற்றொன்று உண்டு. உலர்த்துவதும் வறுப்பதும் கிளறுவதும் யார் வேலை என்பதே அது. வீட்டுப் பெண்கள் வேலை என்று ஆண்கள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். விடியற்காலையில் பால் கறந்து, சமைத்து, நடவுக்கும் களைக்கும் ஆள் விட்டு மேற்பார்த்து, மாலையில் பிள்ளைகளைக் கவனிக்கும் ஒருத்தியின் தலையில் ஐந்து நாள் வெயில் காக்கும் வேலையையும் ஏற்றினால் அவள் முதல் வருஷம் செய்வாள், மறு வருஷம் செய்யமாட்டாள், செய்யாதது நியாயமுமாகும். மின்மோட்டாருக்கும் மருந்து தெளிக்கும் கருவிக்கும் யோசனையின்றிப் பணம் செலவிடும் குடும்பத் தலைவர்கள், நான்கு மரச்சட்டமும் கம்பிவலையும் கொண்ட உலர்த்தும் தட்டு ஒன்று செய்யத் தச்சனை அழைக்கப் பத்து வருஷமாக நாள் பார்ப்பது சர்வசாதாரணம். தட்டும், வலையும், மூடியுள்ள டப்பாவும் பண்ணைச் செலவில் சேர்க்கப்படுவது நியாயம். காய்ந்ததைத் திருப்புவதும் மாலையில் உள்ளே எடுப்பதும் பிள்ளைகள் செய்யக்கூடியவை. பாகு கிளறும் கை ஆணுடையதாயிருப்பதில் ஒரு கேடுமில்லை. கல்யாண வீட்டில் கிளறுவோர் யார் என்பது எல்லோரும் அறிந்ததே.

வியாபாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுப் பண்டம் ஒன்று நன்றாக வந்தவுடன், அதைக் குழுவாகச் சேர்ந்து விற்கலாமே என்ற யோசனை எழுவது இயற்கை. அதற்கு 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு, சிட்டை ஒட்டுதல், ஒரே தரம் காத்தல் முதலிய கடமைகள் உண்டு. அவற்றை ஏற்கக்கூடிய குழுக்கள் செய்யட்டும். ஆயின் சொந்த வீட்டில் ஒரு வருஷமாவது செய்து உண்டு பாராத பண்டத்தை விற்கத் தொடங்கும் அவசரம் நல்லதன்று. விற்பனைக்கென்று செய்யத் தொடங்கியதும், நல்லது கடைக்கும் உடைந்தது வீட்டுக்குமாக, பழைய வழக்கமே திரும்ப நுழைந்துவிடும்.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடியது சிறிதல்ல. முன்சீப், கர்ணம் ஆகிய பழைய உத்தியோகங்கள் 1980-ஆம் வருஷத்தில் எடுபட்டபின் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் ஊர்ப் பொதுக் காரியங்களுக்குக் கண்ணாக இருக்கின்றனர். பல ஊர்களில் சிமெண்டுக் களம் கட்டப்பட்டுள்ளது. அறுவடைக் காலம் நீங்கலாக, அது வண்டி நிறுத்துமிடமாகவும் ஆடு படுக்குமிடமாகவும் பயன்படுவதையே பெரும்பாலும் காணலாம். அதில் ஒரு மூலையை வேலியிட்டு வலை போட்டு, பழம் மிகும் மாதங்களில் வீடுகளுக்கு முறைவைத்துக் கொடுத்தால், தட்டு வைக்க மொட்டைமாடி இல்லாத சிறு குடியானவர்களும், நிலமில்லாத கூலிக்காரர் வீட்டாரும் பயன்பெறுவர். காற்றில் விழுந்த பழத்தைக் கேட்டு வாங்கிப்போக அவர்களுக்குத் தோப்புடையோர் தடை சொல்லாதிருப்பதும் வேண்டும். சூரிய கூடார உலர்த்தி அமைப்பதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் மூலம் மானியம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. ஒளி புகும் தகட்டால் மூடிய அந்தக் கூடாரத்தில் தூசியும் ஈயும் அணுகா, திடீர் மழையிலும் பண்டம் நனையாது, வெளிவெயிலைவிட விரைவில் உலரும். ஆனால் பொதுவில் அமைக்கப்பட்ட சாதனம், திறப்பு விழாவன்று படம் பிடிக்கப்பட்டுப் பிறகு சாவி யாரிடம் என்று தெரியாமல் பூட்டிக் கிடப்பதும் உண்டு. விண்ணப்பம் எழுதுமுன் சாவி வைத்திருப்பவர் யார், கூடாரத்தைக் கூட்டித் துடைப்பவர் யார், நாளொன்றுக்கு என்ன கட்டணம் என்பவற்றை ஊர்க்கூட்டத்தில் தீர்மானித்து எழுதிக்கொள்வது நல்லது.

மாசி பிறந்தால் வெயில் ஏறத் தொடங்கும். பங்குனி முதல் ஆனி வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும், மாவும் பலாவும் வருவதும் அப்போதே. ஆடிக் காற்றில் புழுதி மிகுதியாதலால் திறந்த தட்டு உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரை மாவட்டங்களில் வற்றல் போடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மானாவாரிக் கடலை களத்துக்கு வரும் நாளும் பழம் உலரும் நாளும் ஒன்றாக வருவதில்லை. எனவே கோடைப் பழவற்றலை ஜாடியில் காத்துவைத்து, புதுக்கடலை வந்தபின் பொரியோடு சேர்ப்பதென்று திட்டமிட வேண்டும். தட்டு செய்யத் தச்சனிடம் சொல்லுவதானால் தைப் பொங்கல் கழிந்த வாரத்திலேயே சொல்லிவிடுவது உத்தமம். மாசியில் அவன் கலப்பை, கதவு வேலைகளை விட்டு வரமாட்டான்.